பாடை கட்டி விளையாடிய பிள்ளைகள்

பெண் பார்க்க வந்தவர்கள் போண்டாவைப் பிட்டுக்கொண்டிருந்தபோது, பையனின் அம்மா என்னைப் பார்த்து என்ன படிக்கிறாய் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"பி.எட். பண்ணுதுங்க."

நான் பி.எட். படிக்கவில்லை. அப்பாவுக்கும் அது தெரியும். அந்த ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் எல்லாம் சுமுகமாக முடிந்துவிடும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். எனக்கு மட்டும் அது தொண்டையில் இறங்கவில்லை.

"பி.எட். இல்லைங்க. பிள்ளைங்க விளையாட்டுப் பணின்னு ஒரு படிப்பு. ஒரு வருஷம். முடிச்சுட்டு அதே வேலைக்குத்தான் போவேன்."

பி.டி. டீச்சரா என்று கேட்டார் அந்த அம்மா. டீச்சர் இல்லை, சொல்லிக் கொடுப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை, பிள்ளைகள் அவர்கள் இஷ்டத்துக்கு விளையாட இடமும் நேரமும் இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் வேலை என்றேன். அவர் பக்கத்திலிருந்த தன் தங்கையைப் பார்த்துச் சிரித்தார். ஆயா வேலைக்குக் கூட இப்போது படிப்பு வந்துவிட்டதா என்று தங்கை கேட்டார். பையன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். காபி ஆறுவதற்குள் கிளம்பிவிட்டார்கள்.

அப்பா அந்த வாரம் முழுக்க என்னோடு பேசவில்லை. அம்மா தட்டுகளைக் கழுவியபடி, "ஒரு பத்து நிமிஷம் வாயை மூடிக்கிட்டு இருந்தா கொறைஞ்சா பூடுவ" என்றாள். குறைந்துதான் போயிருப்பேன் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அதற்கு முன் நான் டவுனில் ஒரு தனியார் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தேன். டைம்டேபிளில் விளையாட்டுக்கென்று ஒரு பீரியட் உண்டு. ஆனால் அது எப்போதும் கணக்குக்கோ ஆங்கிலத்துக்கோ போய்விடும். ஒரு நாள் நல்ல மழை பெய்து விட்டிருந்தது. மைதானம் முழுக்கக் குட்டை குட்டையாகத் தண்ணீர். பிள்ளைகள் ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஷூவைக் கழற்றச் சொல்லி வெளியே விட்டேன். அந்தப் பீரியட் முடிவதற்குள் அவர்கள் ஒரு குட்டையிலிருந்து இன்னொரு குட்டைக்குக் குச்சியால் வாய்க்கால் வெட்டி, அதில் இலையை மிதக்கவிட்டு, இலைகளுக்குள் ஒரு சண்டையையும் உண்டாக்கி, அதைச் சமாதானமும் பண்ணியிருந்தார்கள். வகுப்பில் வாயே திறக்காத பையன்தான் எந்தப் பக்கம் மண்ணை வெட்டுவது என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். சாயங்காலம் சேறான யூனிபாரத்தைப் பார்த்த பெற்றோர்கள் ஆபீசுக்குப் போனார்கள். இனிமேல் இப்படி நடக்காது என்று சொல்லும்படி நிர்வாகம் என்னைக் கேட்டது. அடுத்த மழையிலும் விடுவேன் என்றேன். அதோடு அந்த வேலை முடிந்தது.

வேலை போன பிறகுதான் இந்தப் படிப்பைப் பற்றிக் கேள்விப்பட்டேன். செங்கம் ரோட்டில், வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஒரு சந்தில், காபிக் கடைக்கு மேல் ஒரு மாடி. வகுப்பு நடக்கும்போதெல்லாம் கீழேயிருந்து வறுத்த கொட்டையின் வாசனை ஏறி வரும். நாங்கள் சில பேர்தான். அங்கன்வாடியில் வேலை பார்த்த ஒரு அக்கா, ஆட்டோ ஓட்டும் ஒருவர், இன்ஜினியரிங்கைப் பாதியில் விட்ட ஒரு பையன், நான். பயிற்சி கொடுத்தவர் சென்னைக்காரர். என்னைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவராக இருக்கலாம்.

பாட்டு, கைவேலை, புதுப்புது விளையாட்டு எல்லாம் கற்றுத் தருவார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன். முதல் வாரம் எங்களைத் தெருவில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். ஒரு குழந்தையைத் தேர்ந்தெடுத்து, பேசாமல், உதவாமல், திருத்தாமல், சும்மா பார்க்க வேண்டும். அவ்வளவுதான். நான் பார்த்த குழந்தை ஒரு தண்ணீர் பாட்டில் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. மூடி கோணலாக மாட்டிக்கொள்ளும் ஒவ்வொரு தடவையும் என் கை தானாக நீண்டது. திரும்பி வந்ததும் பயிற்சியாளர் சொன்னார்: "உங்க யாருக்கும் கை சும்மா இருக்காது. அந்தக் கையை முதுகுக்குப் பின்னாடி கட்டிக்கப் பழகத்தான் இந்த ஒரு வருஷம்."

கேட்க சுலபமாகத்தான் இருந்தது. குழந்தை மரத்தில் ஏறும்போது 'பாத்து, பாத்து' என்று நாம் கத்துவது குழந்தைக்காகவா, நம் பயத்துக்காகவா? கிளை முறியும் என்றால் பிடிக்க வேண்டும். முறியாது என்றால் வாயை மூடிக்கொண்டு கீழே நிற்க வேண்டும். எது முறியும், எது முறியாது என்று தெரிந்துகொள்வதுதான் படிப்பு. பள்ளிக்கூடத்தில் நான் பழகியதையெல்லாம் ஒவ்வொன்றாக விட வேண்டியிருந்தது.

கள வேலைக்கு எனக்கு அடி அண்ணாமலை கிராமம் கிடைத்தது. கிரிவலப் பாதையை ஒட்டி, தண்ணீர் டேங்க் பக்கத்தில் ஒரு காலி இடம் கிடந்தது. வார்டு மெம்பரைப் போய்ப் பார்த்து, பிள்ளைகள் விளையாட அதைக் கேட்டேன். டியூஷன் மாதிரி என்று அவராகவே முடிவு செய்துகொண்டு சரி என்றார். பழைய டயர், மூங்கில் கழி, பலகை, கயிறு, சாக்கு, கிழிந்த சேலை, ஓட்டை பக்கெட் என்று கிடைத்ததையெல்லாம் ஒரு மினி வேனில் கொண்டுவந்து இறக்கினேன். குப்பையை இங்கே ஏன் கொட்டுகிறாய் என்று டீக்கடைக்காரர் கேட்டார்.

பிள்ளைகள் கேட்கவில்லை. முதல் நாளே சேலையைக் கட்டி வீடு ஆக்கினார்கள். மறுநாள் அந்த வீடு லாட்ஜ் ஆனது. ரூம் இல்லை என்று சொல்வதற்கு ஒருவன், ரூம் இல்லாமல் சண்டை போடுவதற்கு நாலு பேர். பௌர்ணமிக் கூட்டத்தைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்த அம்மா, மைக்கில் கூப்பிடும் போலீஸ், பிரசாதம் வாங்க இடிக்கிற பெரிய மனுஷர் என்று ஒன்று விடாமல் விளையாடினார்கள். நான் டேங்க் சுவர் நிழலில் உட்கார்ந்திருப்பேன். யாராவது கேட்டால் முடிச்சுப் போட்டுக் கொடுப்பேன். பலகையில் ஆணி நீட்டிக்கொண்டிருந்தால் பிடுங்குவேன். அதற்கு மேல் அவர்களுக்கு நான் தேவைப்படவில்லை.

ஒரு பெண் மட்டும் விளையாட மாட்டாள். ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தாள். தினமும் வருவாள், சுவரில் சாய்ந்து நிற்பாள், போய்விடுவாள். அவள் அப்பா டிராக்டர் ஓட்டியவர். அந்த மழைக்காலத்தில் வண்டி கவிழ்ந்து செத்துப்போனார் என்று மற்ற பிள்ளைகள் சொன்னார்கள். அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்ள எனக்கு ஆசையாக இருந்தது. கூப்பிடவில்லை. அந்தப் படிப்பில் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது அதுதான். இடம் இருக்கிறது, சாமான் இருக்கிறது, வேண்டும்போது அவள் வருவாள் என்று நம்பிக்கொண்டு வாரக்கணக்கில் சும்மா இருந்தேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவள் சுவரை விட்டு வந்தாள். இரண்டு மூங்கிலை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் தரையில் வைத்தாள். குறுக்கே சின்னக் கழிகளை வைத்துக் கயிற்றால் கட்ட ஆரம்பித்தாள். ஏணியா என்று ஒருவன் கேட்டான்.

"பாடை" என்றாள். "குறுக்குக் கம்பு கிட்ட கிட்ட வெக்கணும். இல்லன்னா முதுகு தொங்கும்."

அவர்கள் வீட்டு வாசலில் கட்டும்போது பார்த்திருக்கிறாள். அப்புறம் ஒவ்வொருவராக வந்து கயிற்றைப் பிடித்தார்கள். யார் பிணம் என்பதில் போட்டி வந்தது. சின்னப் பையன்கள் எல்லோருக்கும் பிணமாக ஆசை. ஒருவன் ஏற்கெனவே படுத்துக் கண்ணை மூடிக்கொண்டுவிட்டான். அவள் அவனை எழுப்பிவிட்டு, ஒரு சாக்கில் வைக்கோலை அடைத்துப் பாடையில் கிடத்தினாள். தூக்கிப் பார்த்தாள். மறுபடி இறக்கி, சாக்கைப் பிரித்து மண்ணை அள்ளிப் போட்டாள்.

"எங்க அப்பா இன்னும் வெயிட்டு" என்றாள்.

நான் முதுகுக்குப் பின்னால் என் கைகளை ஒன்றோடு ஒன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

கிழிந்த சிவப்புச் சேலைத் துண்டை உடைந்த சட்டியில் வைத்தாள். அதுதான் நெருப்பு. சட்டியைத் தானே எடுத்துக்கொண்டு முன்னால் போய் நின்றாள். பொண்ணுங்க சுடுகாட்டுக்கு வரக்கூடாது, தெருமுனையோடு நின்றுவிட வேண்டும் என்று அவளைவிடப் பெரிய பையன் ஒருவன் ஞாபகப்படுத்தினான். அவளைத் திட்டுவதற்காகச் சொல்லவில்லை, முறையைத்தான் சொன்னான். அவளும் கோபப்படவில்லை.

"இது என்னோட சுடுகாடு. நான் சொல்றவங்கதான் வரணும். நீ வா."

ஊர்வலம் கிளம்பியது. பக்கெட்டைக் கவிழ்த்து மேளம் அடித்தார்கள். இரண்டு பேர் முன்னால் ஆடினார்கள். ஒருத்தி எருக்கம்பூவைப் பிய்த்து வழியெல்லாம் இறைத்தாள். காலி இடத்தை வளைத்துக்கொண்டு அவர்கள் போனபோது, கிரிவலம் வந்துகொண்டிருந்த சிலர் பாதையில் நின்றுவிட்டார்கள். ஒரு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். டீக்கடைக்காரர் கத்தினார். யாரோ போன் பண்ணியிருக்க வேண்டும், வார்டு மெம்பர் பைக்கில் வந்து இறங்கினார்.

"இன்னாமா நடக்குது இங்க?"

"விளையாடறாங்க."

"பொணம் தூக்கறது விளையாட்டா? சாமி கும்புட ஜனங்க வர்ற வழி இது. நிறுத்தச் சொல்லு."

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. நானும் இந்தப் பக்கத்துக்காரிதான். வெள்ளிக்கிழமையில் சாவு என்ற சொல்லைக்கூடச் சொல்லாத வீட்டில் வளர்ந்தவள். நிறுத்துங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் பிள்ளைகள் நிறுத்தியிருப்பார்கள். ஆனால் சட்டியைப் பிடித்திருந்த அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். பரீட்சை எழுதுகிற மாதிரி அவ்வளவு கவனமாக அடி வைத்து நடந்தாள்.

"நான் ஆரம்பிச்சு வெக்கலைங்க. நான் நிறுத்தவும் மாட்டேன்" என்றேன்.

"அப்ப நான் நிறுத்தறேன்."

அவர் நகர்ந்தார். நான் அவருக்குக் குறுக்கே போய் நின்றேன். "அது அவங்க அப்பா. இன்னும் கொஞ்ச தூரந்தான். முடிஞ்சதும் என்னை என்ன வேணா கேளுங்க."

ஒரு பெண் வழிமறித்ததாலா, அப்பா என்ற சொல்லாலா, எதனால் என்று தெரியவில்லை, அவர் நின்றுவிட்டார். பைக் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு என் தோளுக்கு மேலாகப் பார்த்தார். அங்கே பாடையை இறக்கி, வைக்கோலும் சுள்ளியும் போட்டு மூடினார்கள். அவள் ஓட்டை பக்கெட்டில் தண்ணீரோடு சுற்றி வந்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, பின்புறமாகக் கையை நீட்டி, சிவப்புத் துணியை வைக்கோல் மேல் வைத்தாள். மேளக்காரர்கள் அடிப்பதை நிறுத்தினார்கள்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் கையைத் தட்டினாள்.

"முடிஞ்சுது. எல்லாரும் போய்க் குளிங்க."

சாவு வீட்டிலிருந்து வந்தால் குளிக்க வேண்டுமே. அத்தனை பேரும் டேங்க் குழாய்க்கு ஓடினார்கள். குழாய் வாயைக் கையால் அடைத்து ஒருவர் மேல் ஒருவர் பீய்ச்சினார்கள். அவளும் போனாள். தலையிலிருந்து கால் வரை நனைந்துகொண்டு, சத்தம் போட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. வார்டு மெம்பர் என்னிடம் ஒன்றும் கேட்காமல் பைக்கைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் போனபோது காலி இடம் காலியாக இருந்தது. டயர், பலகை, மூங்கில் எதுவும் இல்லை. நுழைகிற பக்கத்தில் முள்ளை வெட்டிப் போட்டிருந்தார்கள். பிள்ளைகள் முள்ளுக்கு வெளியே நின்றார்கள். செங்கம் ரோட்டில் எங்கள் படிப்பை நடத்துகிறவர்களின் அலுவலகத்துக்கும் புகார் போயிருந்தது. ஊரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு மிச்சக் கள வேலையை ஏதாவது பள்ளியில் முடித்துக்கொள்ளும்படி அங்கிருந்த நிர்வாகி சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. நாளைக்கு இந்த ஊருக்கு வேறு யாரையும் அனுப்ப முடியாமல் போய்விடும் என்பது அவர் கவலை. பயிற்சியாளரிடம் கேட்டேன். "உங்க களம், நீங்கதான் முடிவு பண்ணணும்" என்றார். மன்னிப்புக் கேட்க மாட்டேன் என்று நிர்வாகியிடம் சொன்னேன். எதற்காகக் கேட்பது என்று யோசித்துப் பார்த்தேன், எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அந்த வாரமே மாரியம்மன் கோயிலுக்கு எதிரில் ஊர்க்காரர்கள் கூடினார்கள். என்னையும் வரச் சொன்னார்கள். சாயங்காலம் டவுன் பஸ் பிடித்துப் போனேன். அம்மாவிடம் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் விட்டிருக்க மாட்டாள்.

அவர்கள் கேட்டது பெரிய விஷயமாகத் தோன்றாது. கபடி, கோகோ, கேரம் மாதிரி நல்ல விளையாட்டுகளை மட்டும் விளையாட வைப்பதாக எல்லோர் முன்னாலும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொன்னால் சாமான்களும் இடமும் திரும்பக் கிடைக்கும். ஒரு பெரியவர் அன்பாகவே சொன்னார், வளைந்து கொடுத்துப் போம்மா என்று. எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"அந்த வார்த்தையை நான் தர முடியாதுங்க" என்றேன். "யாருக்கும் அடிபடாம பாத்துக்கறது என் வேலை. ஒருத்தரை ஒருத்தர் அழ வெக்காம பாத்துக்கறது என் வேலை. என்ன விளையாடறதுன்னு அவங்கதான் முடிவு பண்ணுவாங்க. அதையும் நானே முடிவு பண்ணிட்டா அப்புறம் அதுக்குப் பேரு விளையாட்டு இல்ல."

கசகசவென்று பேச்சு எழுந்தது. திமிர் என்றார் ஒருவர். படித்த திமிர் என்றார் இன்னொருவர். அப்போது பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்தில், கடைசியில் இருந்து அந்தப் பெண்ணின் அம்மா எழுந்தார். நான் அவரோடு அதுவரை பேசியதே இல்லை. திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"அன்னிக்கு வூட்டுக்கு வந்து ரெண்டு வாட்டி சோறு கேட்டு வாங்கித் துன்னுச்சு எம் பொண்ணு. அவங்க அப்பா போனதுல இருந்து அது வாய்விட்டு எதுவும் கேட்டதில்ல." ஆண்கள் பக்கம் திரும்பினார். "அவர எடுத்துட்டுப் போறப்ப என்னையும் தெருமுனையில நிறுத்துனீங்க. அதையும் நிறுத்துனீங்க. அது போய்ட்டு வந்துட்டுது. இப்ப இன்னான்றீங்க?"

அதற்காக ஊர் மனம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மாறவில்லை. அந்த இடம் பௌர்ணமிக்கு வண்டி நிறுத்த வேண்டும் என்று வார்டு மெம்பர் சொன்னார். பாதை ஓரத்தில் வேண்டாம் என்று மற்றவர்களும் ஒத்துக்கொண்டார்கள். இடம் போய்விட்டது. கலைகிற நேரத்தில் அந்த அம்மா என்னிடம் வந்து, வேர்க்கடலை போடும் தங்கள் மல்லாட்டைக் கொல்லை இந்த வருஷம் பயிர் வைக்காமல் சும்மாதான் கிடக்கிறது, அங்கே வந்துகொள் என்றார். அவருடைய கொழுந்தன் பக்கத்திலேயே நின்று, யாரைக் கேட்டு வாக்குக் கொடுக்கிறாய் என்றார். "யாரையும் கேக்கல" என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார்.

மறுநாள் வார்டு மெம்பர் வீட்டுக்கே போய் சாமான்களைக் கேட்டேன். அவர் மனைவி மோர் கொடுத்தார். டயர், பலகை, சாக்கு எல்லாவற்றையும் மெம்பரே எடுத்துப் போட்டார். மூங்கிலை மட்டும் தரவே இல்லை. எத்தனை தடவை கேட்டும், அது எங்கேயோ போயிடுச்சு என்றார். பிள்ளைகள் சவுக்குக் கழி தேடிக்கொண்டார்கள்.

சில வீடுகளில் பிள்ளைகளை அனுப்புவதை நிறுத்தினார்கள். அதில் சில பேர் வீட்டுக்குத் தெரியாமல் வந்தார்கள். வீட்டில் சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும் என்று திருப்பி அனுப்பினேன். அது எனக்கு வலித்தது. பிறகு சிலருடைய அம்மாக்கள் என்னதான் நடக்கிறது என்று பார்க்க வந்தார்கள். பார்த்துவிட்டு, இவ்வளவுதானா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். இவ்வளவுதான். அந்தப் பெண் அதற்குப் பிறகு பாடை கட்டவே இல்லை. அடுத்த விளையாட்டில் பஸ் கண்டக்டர் ஆகிவிட்டாள். சில்லறை இல்லாதவர்களை ஈவிரக்கமில்லாமல் இறக்கிவிட்டாள்.

வருஷக் கடைசியில் என்னை மதிப்பிட வெளியூரிலிருந்து ஒருவர் வந்தார். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, மறுபடி அதே நிலைமை வந்தால் வேறு விதமாக எதைச் செய்வீர்கள் என்றார். அது வழக்கமான கேள்வி. அடக்கமாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று கூடப் படித்தவர்கள் சொல்லியிருந்தார்கள்.

"ஒண்ணும் இல்லைங்க. மூங்கிலை மட்டும் ஒளிச்சு வெச்சிருப்பேன்."

அவர் சிரித்தாரா என்று நினைவில்லை. பாஸ் போட்டார். இப்போது படிப்பு நடத்தியவர்களிடமே அதே வேலைதான் பார்க்கிறேன், அதே கொல்லையில். என்ன வேலை என்று கேட்பவர்களிடம் முழுப் பெயரையும் சொல்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்து முடிக்கும் வரை காத்திருந்து மறுபடியும் சொல்கிறேன்.

போன மாதம் ஒரு கம்பெனிக்காரர் காரில் வந்தார். கலர் சறுக்குமரமும் ஊஞ்சலும் வாங்கித் தருவதாக நிர்வாகியிடம் பேசியிருந்தார். பேனரைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் வரிசையாக நிற்க ஒரு போட்டோ வேண்டும் என்றார். பிள்ளைகள் வரப்போரம் வாய்க்காலுக்கு அணை கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வேலையாக இருக்கிறார்கள், வேண்டுமானால் நீங்களே கேட்டுப் பாருங்கள் என்றேன். அவர் போய்க் கேட்டார். கையில் கல் இருந்தால் கொடுங்கள், இல்லையென்றால் தள்ளி நில்லுங்கள் என்று ஒருத்தி சொன்னாள். பேனரைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். அரை மணியில் நிர்வாகி போன் பண்ணிக் கத்தினார். நானும் அவருக்கு அதையே சொன்னேன், அவர்கள் வேலையாக இருந்தார்கள் என்று.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், அடைபட்ட தண்ணீர் வரப்பை உடைத்துக்கொண்டு பக்கத்துக் கத்தரித் தோட்டத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. தோட்டக்காரர் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்களை நோக்கி வந்தார். பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு அவருக்கு எதிரே நடந்தேன்.